பாடியவர் போன பின்னர்

ஒரு குழுவைக் குழுவாக நிலைநிறுத்துவது எது? பெயரா, ஆட்களா, அவர்கள் சேர்ந்து செய்யும் செயலா? நம் ஜமாஅத்துகளையும் மதரஸா நிர்வாகங்களையும் வாசகசாலைகளையும் எண்ணிப் பாருங்கள். இருபது முப்பது ஆண்டுகளில் தொடங்கியவர்களில் ஒருவரும் எஞ்சியிருப்பதில்லை. பெயர்ப்பலகை மட்டும் பழைய எழுத்துகளோடு தொங்கிக்கொண்டிருக்கும். சில இடங்களில் அப்பலகை மெய் பேசுகிறது. சில இடங்களில் பொய் பேசுகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது சில காலமாக நம் உள்ளத்தை வாட்டிவந்த வினா. அதற்கு விடை தேடிய நமக்குத் துணை நின்றது, நம் வாசகர்கள் சற்றும் எதிர்பாராத ஒன்று: டில்லி மாநகரில் தோன்றிய ஒரு ராக் இசைக்குழுவின் வரலாறு.

‘ராக்’ என்றதும் காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. இசைக்கருவிகளைக் குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் இருப்பதையும் நாம் அறிவோம். அவ்வழக்கை இங்கே தீர்க்க வரவில்லை. நாலைந்து பேர் ஒன்றுகூடி நெடுங்காலம் ஒரு காரியத்தைச் செய்தார்கள், அவர்களில் ஒருவர் இறந்தார், ஒருவர் விலகினார், புதியவர்கள் வந்தார்கள், காரியம் நின்றுவிடவில்லை. அது எங்ஙனம் நடந்தது என்பதே நம் ஆராய்ச்சி.

அக்குழுவின் பெயர் ‘இந்தியன் ஓஷன்’. தமிழில் இந்துமாக்கடல் என்போம். 1990இல் கிதார் வாசிக்கும் சுஷ்மித் சென் என்பவரும், தபலா வாசித்தவாறே பாடும் அசீம் சக்கரவர்த்தி என்பவரும் இதனைத் தொடங்கினர். 1991இல் ராகுல் ராம் வந்து சேர்ந்து, ‘பேஸ்’ எனப்படும் தாழ்சுரக் கிதாரை ஏற்றார். அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களின் போராட்டத்தில் பங்கு கொண்டவர். 1993இல் எச்.எம்.வி. நிறுவனம் இவர்களின் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஷலீன் சர்மா. மறு ஆண்டே அவ்விடத்தில் அமித் கிலம் அமர்ந்தார். ஆகவே ஆள் மாறுவது என்பது இக்குழுவுக்குப் பிற்காலத்தில் நேர்ந்த விபத்தன்று. தொடக்க நாள்தொட்டே அதனுடன் பிறந்தது.

இவர்களின் இரண்டாம் தொகுப்பு 1997இல் வந்த ‘டெசர்ட் ரெயின்’. இது ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானதன்று. மக்கள் முன்னிலையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. அந்நிகழ்ச்சி எவர் நினைவாக நடந்தது தெரியுமா? தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக! 1989ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், டில்லிக்கு அருகே தொழிலாளர் நடுவே நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிர் நீத்த இளைஞர் அவர். அவர் பெயரால் அமைந்த ‘சஹ்மத்’ அமைப்பு நடத்திய விழாவிலேதான் இவர்கள் வாசித்தார்கள். ஒருவர் மறைந்த பின்னும் அவர் தொடங்கிய காரியம் மறையலாகாது என்னும் பாடத்தை இக்குழு தன் வாழ்வில் கற்க நேர்வதற்குப் பல்லாண்டுகள் முன்பே, அப்பாடத்தின் மேடையில் அமர்ந்து வாசித்திருக்கிறது.

2000ஆம் ஆண்டில் டைம்ஸ் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட ‘கந்தீசா’ என்னும் தொகுப்பே இவர்களை நாடறியச் செய்தது. இதன் தலைப்புப் பாடல் கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாட்டு. சுரியானி மொழியில் அமைந்தது. கந்தீசா என்னும் சொல்லுக்குத் ‘தூயவன்’ என்பது பொருள். நாம் ஓதும் அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ‘அல்குத்தூஸ்’ என்று ஒன்று உண்டல்லவா? இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பைத்துல் முகத்தஸ் என்று நாம் சொல்லும்போது அதே வேர்தான் நம் நாவில் புரள்கிறது. சேர நாட்டுக் கடற்கரையில் வழிவழியாகப் பாடிக் காத்த ஒரு பாட்டை, வடநாட்டு இளைஞர்கள் நால்வர் கிதாரிலும் தபலாவிலும் ஏற்றிப் பாட, அயனம்பாக்கத்தில் அமர்ந்து கேட்கும் நமக்கு அதன் முதற்சொல்லே நெருங்கிய உறவாகிவிடுகிறது! அதே தொகுப்பில் நர்மதையைத் தாயென விளிக்கும் நாட்டுப்பாடல் ஒன்றும் உண்டு. அது ராகுல் ராம் நர்மதைக் கரையிலிருந்து கொண்டுவந்தது.

2003இல் வந்தது ‘ஜீனி’. இத்தலைப்பு, மெல்லிய ஆடை ஒன்றை நெய்வதாகக் கபீர்தாசர் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. கபீர் நெசவாளர். மனித உடலை நூலாகவும் பாவாகவும் கண்டவர். நம் தக்கலை பீர்முகம்மது அப்பா அவர்களும் நெசவுத்தொழில் செய்தவர் என்பதை நாம் அறிவோம். தறியின் முன் அமர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்க வேண்டும்: இழை ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் முடிந்துபோகும். முடியும் இடத்தில் வேறோர் இழையைப் பிணைத்துவிட்டால் துணி தொடரும். பிணைக்க மறந்தால் ஓட்டை விழும்.

சுஷ்மித், அசீம், ராகுல், அமித் ஆகிய நால்வரும் 1994 முதல் 2009 வரை பதினைந்து ஆண்டுகள் பிரியாது வாசித்தனர். டில்லி கரோல்பாக்கில் 16/330 கஜூர் ரோடு என்னும் முகவரியில் இருந்த பழைய வீடொன்றே அவர்களின் பயிற்சிக்களம். அந்த முகவரியையே தங்கள் அடுத்த தொகுப்புக்குப் பெயராக வைத்தார்கள். பாடல்கள் பதிவாகியிருந்த நிலையில், 2009 டிசம்பர் 25ஆம் நாள் அசீம் சக்கரவர்த்தி இதயநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 52.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒலிப்பதிவு நாடாவில் இறந்தவரின் குரல் இருக்கிறது. உலகில் அவர் இல்லை. என்ன செய்வது? இழவு கொண்டாடும் வகையில் பெருவிலைக்கு அதனை விற்கலாம். அல்லது புதியவர் ஒருவரைக் கொண்டு பாடுவித்து, பழைய குரலை நீக்கிவிடலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 2010 ஜூலை முதல் மாதம் ஒரு பாட்டாக, ஏழு பாடல்களையும் இணையத்தின் வழியே விலையின்றி மக்களுக்கு அளித்தார்கள். அசீமின் குரல் அசீமின் குரலாகவே வந்தது. உருதுக் கவிஞர் ந. மீ. ராஷித், வாழ்வைக் கண்டு அஞ்சுகிறாயா என்று மனிதனை நோக்கி வினவும் கவிதையும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. மரணம் வந்து சென்ற வீட்டிலிருந்து அவ்வினா எழும்போது அதன் கனமே வேறு. நம் வழக்கில் சொல்வதானால், தங்களிடம் இருந்த அமானத்தை உரியவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

அடுத்த வினா இன்னும் கடினமானது. அசீம் அமர்ந்த இடத்தில் எவரை அமர்த்துவது? தபலாவில் விரல்களை ஓட்டிக்கொண்டே தொண்டை திறந்து பாடுவது எளிய வித்தையன்று. விரலுக்கு ஒரு கணக்கு. மூச்சுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் ஓர் உள்ளம் சுமக்க வேண்டும். அவருக்கு ஈடாக இன்னொருவரை நிறுத்தும் வீண்முயற்சியில் குழுவினர் இறங்கவில்லை. ஒருவர் இடத்திற்கு இருவரை அழைத்தார்கள். பாடுவதற்கு ஹிமான்ஷு ஜோஷி. தபலாவுக்குத் துஹீன் சக்கரவர்த்தி. இம்முடிவில் மறைந்தவருக்கான மரியாதையும் இருக்கிறது, வந்தவர்களுக்கான கருணையும் இருக்கிறது. ‘நீ அவராக மாறு’ என்று ஓர் இளைஞனிடம் சொல்வதைவிடப் பெரிய சுமை வேறில்லை. ‘அவர் செய்ததில் இந்தப் பாதியை நீ எடுத்துக்கொள், அந்தப் பாதியை இவர் எடுத்துக்கொள்ளட்டும்’ என்றால் சுமையும் குறையும். போனவரின் பெருமையும் புலப்படும்.

2013இல் மற்றொரு பிரிவு. தொடங்கிய இருவரில் எஞ்சியிருந்த சுஷ்மித் சென், தமக்கென ஒரு வழி காண விரும்பி விலகினார். மறு ஆண்டில் தம் நினைவுகளை நூலாகவும் வெளியிட்டார். கிதாரை நிகில் ராவ் ஏற்றார். இறப்பால் நேரும் பிரிவில் அழுகை உண்டு, மனக்கசப்பு இல்லை. இருக்கும்போதே ஒருவர் பிரிந்து செல்வதில் அழுகையைவிடக் கணக்குகளே மிகுதி. பெயர் யாருக்கு? தொடங்கியவர் போன பின் மற்றவர்கள் அப்பெயரில் வாசிப்பது முறையா? தொடங்கியவர்களில் ஒருவரும் இல்லாத குழு அதே குழுதானா?

இவ்வினாவுக்கு அவர்கள் சொற்களால் அளித்த விடையைவிட, 2014இல் வெளியான ‘தந்தானு’ என்னும் தொகுப்பால் அளித்த விடை தெளிவானது. அதில் சுபா முத்கல், சங்கர் மகாதேவன், மோகன வீணைக் கலைஞர் விசுவமோகன் பட், நம் தமிழ்நாட்டுக் கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ், வயலின் கலைஞர் குமரேஷ் போன்றோர் விருந்தினராக வந்து கலந்துகொண்டனர். வீட்டில் ஆள் குறைந்தால் கதவைச் சாத்திக்கொள்வார் உண்டு. இவர்கள் கதவைத் திறந்து வைத்தனர். 2023இல் ‘தூ ஹை’ என்னும் தொகுப்பும் வெளிவந்தது. 1990இல் தொடங்கிய இருவரும் இல்லை. ஆனால் அவர்களோடு பல்லாண்டுகள் தோளோடு தோள் உரச வாசித்த இருவர் இருக்கிறார்கள். அவ்விருவரோடு சேர்ந்து வாசித்துக் கற்ற மூவர் இருக்கிறார்கள். கையிலிருந்து கைக்கு மாறிய தொடர்ச்சி அறுபடவில்லை. ஆதலின் பெயர்ப்பலகை பொய் பேசவில்லை என்றே நாம் முடிவு கட்டினோம்.

டில்லிக் கதையில் நமக்கு இத்துணை ஈடுபாடு ஏன் என வாசகர்கள் கேட்கலாம். காரணம் நம் அயனம்பாக்கத்திலேயே இருக்கிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை தேடி வந்தவர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்த உறவினர்களுமாகத் தென்பாண்டிக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த குடும்பங்கள் சில இப்பக்கம் குடியேறின. அவர்களுள் காயல்பட்டினத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். சிறியவர் பெரியவர் அனைவருக்கும் அவர் ‘காக்கா’தான். பகலெல்லாம் பட்டறையில் இரும்போடு மல்லாடிவிட்டு, இரவில் ஆறேழு பேரைக் கூட்டி வைத்துப் பைத்துப் பாடுவார். நிக்காஹ் வீடுகளிலும் மீலாது விழாக்களிலும் அக்குழு பாடும். காக்காவின் ஒரு கையில் தஃப் இருக்கும். மறு கை அதில் தாளமிடும். குரலோ முன்னே சென்று மற்றவர்களை அழைத்துச் செல்லும். அவர் முன்னடி எடுக்க, ஏனையோர் பின்னடி பாடுவர். நாமும் பின்னடி பாடியவர்களுள் ஒருவராக இருந்தோம்.

காக்கா மர்ஹூம் ஆனார். அல்லாஹ் அவருக்கு மறுமைப் பேற்றை நல்குவானாக! அவர் விட்டுச் சென்றவை ஒரு தஃப், சுமார் நாற்பது பாடல்கள் கொண்ட ஒரு கையேடு, இளைஞர்கள் கைப்பேசியில் பிடித்து வைத்த சில பதிவுகள். கையேட்டைத் திறந்தவர்களுக்கு ஏமாற்றம் காத்திருந்தது. அது அரபுத்தமிழில் எழுதியது. நம் பிள்ளைகள் குர்ஆனைத் தடையின்றி ஓதுகிறார்கள். ஆனால் தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் நம் முன்னோர் புள்ளிகளைக் கூட்டி அமைத்துக்கொண்ட அந்த எழுத்துகளை அவர்கள் கண்டதில்லை. ஒலி தமிழாகவும் எழுத்து அரபாகவும் இருக்க, இரண்டும் அறிந்த பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே திகைத்து நின்றார்கள்.

ஒரு திருமணத்திற்கு அழைப்பு வந்தது. இளைஞர் ஒருவர் நம்மிடம், “மாமா, காக்கா பாடியதுதான் கைப்பேசியில் இருக்கிறதே! ஒலிபெருக்கியில் அதைப் போட்டுவிட்டு நாங்கள் தஃப் அடித்தால் போதாதா?” என்றார். கேட்பதற்கு நியாயமாகவே பட்டது. காக்காவின் மனைவியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அவர் வீட்டுக்குச் சென்றோம். திரைக்கு அப்பால் இருந்து அம்மையார் சொன்னார்: “அவங்க குரலைக் கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் கல்யாண வீட்டில் ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்தால், வந்தவர்கள் சோறு தின்ன மாட்டார்கள், அழுவார்கள். பிள்ளைகள் பாடட்டும். தப்பாய்ப் பாடினாலும் பாடட்டும்.” சற்றுப் பொறுத்து, “அந்தக் கையேட்டை என்னிடம் கொடுங்கள். எனக்கு வாசிக்கத் தெரியும்” என்றார்.

நாம் வியப்பில் ஆழ்ந்தோம். வியந்திருக்கத் தேவையில்லை. காயலிலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழைக் காத்து வளர்த்தவர்களில் பெண்கள் முன்னணியில் நின்றவர்கள். சிறுமியாக இருந்தபோது ஓதிக்கொடுத்த பெண்மணியிடம் அவர் அதனைக் கற்றிருக்கிறார். பாட்டுகளின் மெட்டும் பெரும்பாலும் அவருக்கு மனப்பாடம். அத்தனை ஆண்டுகளாக நம் குழுவின் மிகத் தேர்ந்த உறுப்பினர் திரைக்குப் பின்னால் இருந்தார். நம் கணக்கில் மட்டும் அவர் இல்லை!

இப்போது வாரம் ஒரு நாள் அவர் வாசிக்கிறார். பேத்தி தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். இதுவரை பதினான்கு பாடல்கள் கரையேறியிருக்கின்றன. சிலவற்றுக்குச் சொல் கிடைத்தும் மெட்டுக் கிடைக்கவில்லை. அவை காக்காவோடு போய்விட்டன. அத்திருமணத்தில் ஓர் இளைஞர் முன்னடி பாடினார். வேறோர் இளைஞர் தஃப் பிடித்தார். காக்கா ஒருவராகச் செய்ததை இருவர் செய்தார்கள். இரண்டிடங்களில் தாளம் தடுமாறிற்று. பின்னடி பாடிய நாங்கள் காத்திருந்து சேர்ந்துகொண்டோம். டில்லியில் ஹிமான்ஷுவும் துஹீனும் முதன்முறை மேடையேறிய நாளில் பழைய தோழர்கள் அவர்களைத் தாங்கிக்கொண்டதும் இவ்வாறுதான் இருந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

ஒலிப்பதிவு பெரும் பேறு. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார்கள். அன்னாரின் குரல் இன்றும் நம் இல்லங்களில் ஒலிக்கிறதென்றால் அது இசைத்தட்டின் கொடை. ஆயினும் பதிவு காப்பது பாடியவரின் குரலை. பாடும் வழக்கத்தைக் காப்பது அதன் வேலையன்று. அதற்குப் பாடியவரின் அருகே அமர்ந்து கற்றவர் வேண்டும்.

தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் பீர்முகம்மது அப்பா அவர்களின் நினைவு விழா நடைபெறுகிறது. அவர்கள் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை ஊர் மக்கள் கூடி இரவெல்லாம் பாடுகிறார்கள். அவ்வரிசையில் முதன்முதல் அமர்ந்தவர் எவர்? அவருக்குப் பின் அமர்ந்தவர் எவர்? பெயர்ப் பட்டியல் நம்மிடம் இல்லை. பாட்டு இருக்கிறது. தகப்பனின் மடியில் அமர்ந்து உறக்கக் கண்களோடு கேட்ட பிள்ளை, பின்னொரு நாள் தானே பாடுகிறான். அவன் மடியில் வேறொரு பிள்ளை. ஒலிப்பதிவுக் கருவி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கே இது நடந்து வருகிறது. டில்லிக் குழுவினர் பல்லாண்டுகளில் அறிந்துகொண்டதைத் தக்கலையின் தெருக்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் நமக்குச் சில உண்மைகள் தெளிவாகின்றன. இறந்தவரின் இடத்தை நிரப்ப முயல வேண்டாம். அவர் சுமந்ததைப் பலரும் பகிர்ந்து சுமக்கலாம். விலகியவரைப் பழித்துப் பேச வேண்டாம். அவர் கற்றுத் தந்தது குழுவில்தான் இருக்கிறது. புதிதாக வந்தவர் தடுமாறும்போது பழையவர்கள் தாளத்தைச் சற்று நிறுத்திப் பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடுபவர் உயிரோடு இருக்கும்போதே அவர் அருகில் ஒரு பிள்ளையை அமர்த்திவிட வேண்டும்.

நம் ஊர்களில் பைத்துப் பாடும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரபுத்தமிழ் வாசிக்கும் அம்மையார்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தெரியும் என்பதையே நாம் கேட்டறியாமல் இருக்கிறோம். ரஜபோ ரபீஉல் அவ்வலோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும், உடன் ஒரு பிள்ளையும் இருக்கட்டும்.